டோனி அயோமியின் பிளாஸ்டிக் விரல் நுனிகள்

வாட்ஸ்அப்பில் அடிக்கடி யாராவது எனக்கு டோனி அயோமியின் கையை அனுப்பிவிடுகிறார்கள். நான் கிட்டார் வாசிப்பவன், எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துத்தான் அனுப்புகிறார்கள், பாவம். நடுவிரலும் மோதிர விரலும் நுனியில்லாமல் இருக்கிற அந்த வலது கை, அதன் மேல் "மனமிருந்தால் மார்க்கமுண்டு" என்று மஞ்சள் எழுத்து, பின்னணியில் உருக்கமாக ஒரு புல்லாங்குழல். பிளாக் சப்பாத் என்கிற ஹெவி மெட்டல் பேண்டின் கிட்டார்காரருக்குப் புல்லாங்குழல்! (அவர் கொஞ்ச நாள் ஒரு புல்லாங்குழல்காரரின் பேண்டில் இருந்தது உண்மைதான். வீடியோ செய்தவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.)

அந்த வீடியோவைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. கதை பொய் என்பதால் இல்லை, கதை உண்மைதான். ஆனால் விரல் போனது, மனம் தளரவில்லை, உலகப் புகழ் பெற்றார் என்று மூன்று வரியில் முடித்துவிட்டால், நடுவில் அந்த மனுஷன் என்னதான் செய்தார் என்கிற விஷயமே காணாமல் போய்விடுகிறது. அவர் செய்தது முழுக்கப் பட்டறை வேலை. உருக்கினார், துளை போட்டார், தேய்த்தார், ஒட்டினார், அது போதாது என்றதும் கம்பியை மாற்றினார், அதுவும் போதாது என்றதும் கம்பியைத் தளர்த்தினார். ஹெவி மெட்டல் என்று உலகம் முழுக்கச் சொல்கிற சத்தத்தில் பெரிய பங்கு இந்தப் பட்டறை வேலையில் இருந்து வந்தது என்பதுதான் என் கட்சி.

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரன். பகலில் ஹார்ட்வெயார் கடையில் வேலை, சனி ஞாயிறில் கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று ஒரு இசைக்குழுவில் லீட் கிட்டார். ஆகவே இந்தக் கதையைக் கொஞ்சம் கடைக்காரன் கண்ணோடுதான் பார்ப்பேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அயோமி பிறந்தது 1948 பெப்ரவரி 19, இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில். இலங்கை சுதந்திரம் வாங்கிப் பதினைந்தாவது நாள். அந்த வருடம் முடிவதற்குள் எங்கள் தாத்தா பாட்டிமாரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் இங்கே வந்துவிட்டது, அதனால் 1948 என்று யார் சொன்னாலும் எங்கள் ஆட்களுக்கு முதலில் அதுதான் ஞாபகத்துக்கு வரும். அங்கே இத்தாலிய வழி வந்த குடும்பம், ஒரே பிள்ளை. ஆஸ்டன் என்கிற தொழிற்சாலைப் பகுதியில் கடை வைத்திருந்தார்கள், குடியிருப்பும் அதற்குள்ளேயே, முன்னறைதான் சரக்கறை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாசிக்க வேண்டும் என்று அவர் முதலில் ஆசைப்பட்டது ட்ரம்ஸ். அந்த இடத்தில் வைத்து ட்ரம்ஸ் அடித்தால் யார் தாங்குவது? அப்படித்தான் கிட்டாருக்கு வந்தார், ஷாடோஸ் குழுவின் ஹேங்க் மார்வின் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் "வலது கை தானே, அது அடிக்கிற கை, பெரிய நஷ்டம் இல்லையே" என்று எழுதியிருந்தார். அயோமி இடது கைக்காரர். கிட்டாரைத் திருப்பிப் பிடித்து இடது கையால் மீட்டுவார், வலது கையால் கம்பியை அமுக்குவார். அமுக்குகிற கையில் நடுவிரலும் மோதிர விரலும் போனால் என்ன மிச்சம்? ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும். கிட்டார் தெரிந்தவர்கள் இப்போதே ஒரு கோர்ட் (பல சுரம் ஒன்றாக ஒலிக்கிற பிடி) பிடித்துப் பாருங்கள், புரியும்.

விபத்து நடந்தபோது அவருக்கு 17 வயது. தகடு வேலை செய்கிற ஃபெக்டரியில் வேலை, அன்றைக்குத்தான் கடைசி நாள். ஒரு பேண்டோடு வெளிநாட்டுப் பயணம் போக இருந்ததால் வேலையை விட்டுவிட்டிருந்தார். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனிப் போக மாட்டேன் என்று சொல்ல, அம்மா விடவில்லை, ஒழுங்காகப் போய் வேலையை முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டிலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். பாதியில் வந்தால் அரைப்பேர்தான் விழும், அதாவது அரை நாள் சம்பளம். திரும்பிப் போனவரை, அன்று வராத இன்னொருவரின் இடத்தில், தகடு அமுக்குகிற பிரஸ்ஸில் நிறுத்தியிருக்கிறார்கள். அது அவருடைய வேலையே இல்லை. மெஷின் கையில் இறங்கியது, பதறிக் கையை இழுத்தார், நுனிகள் அதிலேயே நின்றுவிட்டன. இனிக் கிட்டாரை மறந்துவிடு என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

எங்கள் பக்கம் இந்த மாதிரிக் கை நிறைய உண்டு. தேயிலை ஸ்டோர், அதாவது தேயிலை ஃபெக்டரி, என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு வாசம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் உள்ளே ரோலர் ரூமில் நின்றவர்களுக்குத்தான் அந்த மெஷின்கள் எப்படிச் சுற்றும் என்று தெரியும். வாட்டின கொழுந்தை மேலே இருந்து கொட்டுவார்கள், கீழே பித்தளைப் பல்லுப் பதித்த மேசையில் போட்டு மெஷின் அரைத்துக்கொண்டே இருக்கும், இராத்திரி முழுக்க. பழைய மெஷின்களில் பெல்ஃபாஸ்ட், கெய்ன்ஸ்பரோ என்று பிரித்தானிய ஊர்ப் பெயர்களை வார்ப்பிலேயே போட்டிருப்பார்கள். என் சித்தப்பா ஒருவருக்கு அங்கேதான் இடது கையில் இரண்டு விரல் நுனி போனது. எந்த விரல் எந்த மூட்டு வரை போனால் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் காசு கொடுக்கிற சட்டம் இந்த நாட்டில் 1934இல் இருந்தே இருக்கிறது. காசு வந்தது, கொஞ்சம் லேட்டாக. அப்புறம் அவரை வாட்ச்சர் வேலைக்கு மாற்றினார்கள்.

சித்தப்பா மாசியில் நடக்கிற காமன் கூத்துக்குத் தப்புப் பறை அடிக்கிறவர். தப்புக்கு இரண்டு குச்சி, இடது கையில் மெல்லிய சிம்புக்குச்சி, அதை விளிம்போடு சேர்த்துப் பிடித்து விரலால்தான் ஆட்ட வேண்டும். நுனி இல்லாத விரலில் அது நிற்காது. சைக்கிள் டியூப்பை வெட்டிக் குச்சியில் சுற்றி, இன்னொரு துண்டை விரலில் மாட்டி, அடுத்த மாசிக்கு வந்து நின்றுவிட்டார். அதைப் பெரிய வெற்றி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "சத்தம் பழைய மாதிரி இல்ல தம்பி, இந்தப் பக்கம் ஒல்லியா கேக்குது" என்று குறைதான் சொல்லிக்கொண்டிருப்பார். அயோமியின் பேட்டிகளைப் பார்த்தால் அவரும் ஏறக்குறைய இப்படித்தான் பேசுகிறார். மன உறுதி பற்றிக் கொஞ்சம், பசை பற்றியும் தோல் பற்றியும் நிறைய.

சரி, அவர் என்ன செய்தார் என்று பார்ப்போம்.

வீட்டில் முடங்கிக் கிடந்தவரைப் பார்க்க ஃபெக்டரி மேனேஜர் ஒரு இசைத்தட்டோடு வந்தார். இதைக் கேள் என்றார். இவருக்கோ கிட்டார் என்றாலே வெறுப்பாக இருக்கிற நேரம், வேண்டாம் என்று சொல்லியும் விடாமல் போடச் சொல்லிக் கேட்க வைத்துவிட்டு, வாசிப்பவர் இரண்டு விரலால்தான் கம்பி அமுக்குகிறார் என்று அப்புறம் சொல்லியிருக்கிறார். வாசித்தவர் ஜேங்கோ ரைன்ஹார்ட். 1928இல் அவர் குடியிருந்த வண்டி வீடு தீப்பிடித்து, இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் வேலை செய்யாமல் போனவர், அதற்குப் பிறகுதான் ஐரோப்பிய ஜாஸ் கிட்டாரின் பெரிய பெயர் ஆனார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அந்த மேனேஜர்தான். ஆறுதல் வார்த்தை சொல்லாமல் இசைத்தட்டு கொண்டுவந்தாரே.

அப்புறம் பட்டறை. பாத்திரம் கழுவுகிற ஃபேரி லிக்விட் போத்தலை உருக்கி உருண்டையாக்கினார். சோல்டரிங் அயனைச் சூடாக்கி அதில் விரல் நுழைகிற அளவுக்குக் குழி போட்டார். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் மட்டும் என்றால் கம்பியில் வழுக்கும், ஆகவே ஒரு பழைய ஜாக்கெட்டில் இருந்து தோல் வெட்டி மேலே ஒட்டினார். நானும் கடையில் வியாபாரம் இல்லாத ஒரு மழை நாளில் இதைச் செய்து பார்த்தேன். உருகின பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்குகிறது, விரலுக்குச் சரியாக இருந்த குழி ஆறின பிறகு விரலில் ஏறாது. கொஞ்சம் பெரிதாகப் போட்டால் ஆடும். தோல் மெல்லியதாக இருந்தால் பிய்ந்துவிடும், தடிப்பாக இருந்தால் சத்தத்தை விழுங்கிவிடும். நல்ல விரல் உள்ள நான் விளையாட்டுக்குச் செய்ததே இந்தப் பாடு என்றால், வலி ஆறாத காயத்தின் மேல் அதை மாட்டிக்கொண்டு கம்பியை அமுக்குவது என்ன மாதிரி இருந்திருக்கும்!

மாட்டினாலும் பிரச்சினை தீரவில்லை. பிளாஸ்டிக்குக்கு உணர்ச்சி கிடையாது. கம்பியை விரல் தொட்டுவிட்டதா, எவ்வளவு அழுத்தம் போகிறது என்று தோல் சொல்லாது, காதுதான் சொல்ல வேண்டும். சாதாரணக் கம்பியை அமுக்குவதும் இழுப்பதும் முடியாத வேலையாக இருந்ததால் பேன்ஜோ கம்பியை வாங்கிக் கிட்டாரில் மாட்டினார், அது மெல்லியது. கிட்டாருக்கே மெல்லிய கம்பி செய்து தாருங்கள் என்று கம்பனிகளைக் கேட்டபோது, யார் வாங்குவார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கு எந்தக் கடைக்குப் போனாலும் மெல்லிய கம்பிதான் முன்னால் தொங்குகிறது.

மூன்று நான்கு விரல் தேவைப்படுகிற பெரிய கோர்டுகளைக் குறைத்துக்கொண்டு, இரண்டே சுரத்தைப் பிடித்து ஆம்பை ஏற்றி வாசிக்கிற முறைக்கு வந்தார். பவர் கோர்ட் என்கிற இந்த முறை அவர் கண்டுபிடித்தது இல்லை, அவருக்கு முன்னாலேயே இருந்தது. ஆனால் மற்றவர்களுக்கு அது பல வழியில் ஒரு வழி, இவருக்கு அதுதான் வீடு. இரண்டு சுரத்தை வைத்துக்கொண்டு ஒரு பேண்டின் இடம் முழுவதையும் நிரப்ப வேண்டும் என்றால் அந்த இரண்டும் பாறை மாதிரி இருக்க வேண்டும், மெதுவாக விழ வேண்டும்.

1971இல் பிளாக் சப்பாத்தின் மூன்றாவது ஆல்பம். அதில் சில பாட்டுகளுக்குக் கிட்டாரை மூன்று ஃப்ரெட் (கழுத்தில் உள்ள கட்டை, ஒன்றுக்கு அரைச் சுரம்) அளவு, E-யில் இருந்து C ஷார்ப் வரைக்கும், இறக்கிச் சுருதி சேர்த்தார். தளர்ந்த கம்பியை வளைப்பது லேசு, விரலுக்கு வலி குறைவு. கூடவே சத்தம் அடி வயிற்றுக்கு இறங்கியது. எங்கள் ஊர்ப் பனியில் தப்பு தொய்ந்துவிட்டால் வைக்கோலை மூட்டிக் காய்ச்சி இழுவையை ஏற்றிக்கொள்வோம், தொய்ந்த தோலில் அடி விழுந்தால் சபையில் மானம் போய்விடும். அவர் நேர் எதிராகப் போனார், தொய்வையே வைத்துக்கொண்டு வாசித்தார். ஆனால் இது சும்மா முறுக்காணியைத் திருப்புகிற விஷயம் இல்லை. மெல்லிய கம்பி, அதுவும் தளர்ந்த கம்பி, கொஞ்சம் கூட அமுக்கினாலே சுருதி மேலே ஓடிவிடும், பலமாக மீட்டினால் ஃப்ரெட்டில் அடித்துக் கரகரக்கும். அந்தப் பேண்டின் பதிவுகளில் நாம் முரட்டுத்தனம் என்று நினைப்பது, கையளவில் பார்த்தால் ரொம்ப மென்மையான வேலை. இதை நான் சொல்லும்போது எங்கள் பேஸ் கிட்டார்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். 1968இல் பில் வார்ட் என்கிற ட்ரம்ஸ்காரரோடு சேர்ந்து அயோமி பாடகர் தேடுகிறார். இசைக்கருவிக் கடை ஒன்றில் ஓஸி என்று ஒருவர் விளம்பரம் போட்டிருக்கிறார். எனக்கும் ஒரு ஓஸியைத் தெரியும், ஆனால் அவனாக இருக்காது என்று அயோமி சொல்லிக்கொண்டே போய்க் கதவைத் தட்டினால், பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புக் கீழே படித்த, இவர் மிரட்டித் திரிந்த அதே ஓஸி ஆஸ்போர்ன்! ஓஸி இறைச்சிக்கு மாடு வெட்டுகிற இடத்திலும், கார் ஹோர்ன் சுருதி பார்க்கிற ஃபெக்டரியிலும் வேலை பார்த்தவர். பேஸ் வாசித்த கீஸர் பட்லர் கணக்கு வேலை பழகியவர். நான்கு பேரும் ஆஸ்டன் பக்கத்துப் பையன்கள். முதலில் போல்கா டல்க், அப்புறம் எர்த் என்று பெயர், அதே பெயரில் இன்னொரு பேண்ட் இருந்ததால் 1969இல் பிளாக் சப்பாத் ஆனார்கள்.

இதற்கு நடுவில்தான் அந்தப் புல்லாங்குழல். 1968 டிசம்பரில் அயோமி இவர்களை விட்டுவிட்டு ஜெத்ரோ டல் பேண்டில் போய்ச் சேர்ந்தார். அதன் தலைவர் இயன் அண்டர்சன் ஒற்றைக் காலில் நின்று புல்லாங்குழல் வாசிப்பவர். ரோலிங் ஸ்டோன்ஸ் எடுத்த ஒரு டிவி நிகழ்ச்சியில் அயோமி தொப்பி போட்டுக்கொண்டு அவர்களோடு நிற்பதை இன்றும் பார்க்கலாம். ஒத்துவரவில்லை, சில வாரத்தில் திரும்பி வந்துவிட்டார். ஆனால் வெறுங்கையோடு வரவில்லை. அந்த பேண்ட் காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஒத்திகையில் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, தன் ஆட்களையும் காலையில் எழுப்பி ஒத்திகைக்கு இழுத்தார். எங்கள் குழுவில் ஒத்திகை ஆறு மணிக்கு என்றால் ஏழரைக்கு ஒருவர் சாயத்தண்ணி குடித்துக்கொண்டு வருவார், அதனால் இந்தத் துண்டுக் கதை எனக்கு மிகவும் பிடித்தமானது.

முதல் ஆல்பத்தை 1969 ஒக்டோபரில் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். மேடையில் வாசிப்பதை அப்படியே வாசித்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான் காசு. அன்றைக்கு அவர் கையில் இருந்தது ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர், ஒரு பாட்டு முடிந்ததும் அதன் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பாகம்) செத்துவிட்டது. மாற்றுக்கு வைத்திருந்த கிப்ஸன் எஸ்ஜியை எடுத்து மிச்சத்தை முடித்தார், அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க எஸ்ஜிதான். ஒரு பிக்கப் அன்றைக்குச் சாகாமல் இருந்திருந்தால் சுவரில் ஒட்டுகிற அந்தக் கறுப்பு உடை, பெரிய மீசை, இரட்டைக் கொம்புக் கிட்டார் படமே வேறு மாதிரி இருந்திருக்கும். மீசைக்கும் காரணம் உண்டு, சின்ன வயதில் விழுந்து மேல் உதட்டில் வந்த தழும்பு.

1970 பெப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, ஆல்பம் வெளிவந்தது. பேண்டின் பெயரையே தலைப்பாக வைத்த முதல் பாட்டில் மூன்றே சுரம்: ஒரு சுரம், அதன் மேல் ஸ்தாயி, அப்புறம் நடுவில் ஒன்று. கீஸர் பட்லர் முந்தின நாள் ஹோல்ஸ்ட் என்கிற இசையமைப்பாளரின் செவ்வாய்க் கிரக இசையை பேஸில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாராம், மறுநாள் அயோமி இதோடு வந்திருக்கிறார். அந்த நடுச் சுரத்தை மேற்கே சாத்தானோடு சேர்த்துப் பேசுவார்கள், ஏதோ தேவாலயமே பயந்த சத்தம் என்று. நம் கணக்கில் பார்த்தால் அது ஸட்ஜத்துக்கு மேல் பிரதி மத்யமம், அவ்வளவுதான். 72 மேளகர்த்தா என்கிற தாய் இராகங்களில் சரிபாதி, 36 இராகத்தில் இருக்கிறது. கல்யாணியில் அம்மன் பாட்டு பாடும்போது நாங்கள் தாராளமாக அதில் நின்றுவிட்டுத்தான் வருகிறோம், ஒரு சாத்தானும் வந்ததில்லை. அயோமி செய்த வேலை சுரத்தில் இல்லை. மற்ற சுரங்களை எல்லாம் எடுத்துவிட்டு, அந்த ஒன்றை நிறுத்தி, மெதுவாக, நடுங்க விட்டு, அடுத்தது எப்போது வரும் என்று காக்க வைத்தார் பாருங்கள், அதில் இருக்கிறது.

அதே வருடம் செப்டம்பரில் இரண்டாவது ஆல்பம், இங்கிலாந்தில் முதலிடம். அதன் பிறகு அமெரிக்கா, காசு, போதைப்பொருள், மேனேஜர் தகராறு, வழக்கு. எல்லாப் பெரிய பேண்டுக்கும் ஒரே மாதிரி நடக்கிற அந்தப் பகுதியை நான் விட்டுவிடுகிறேன். 1979இல் ஓஸியை வெளியே அனுப்பினார்கள்.

நான் அதிகம் யோசிப்பது அதற்குப் பிந்தின காலத்தைத்தான். ரோனி ஜேம்ஸ் டியோ வந்தார், 1980இல் அருமையான ஒரு ஆல்பம் செய்தார்கள், இரண்டு வருடத்தில் அவரும் போனார். டீப் பர்ப்பிள் பாடகர் இயன் கில்லன் வந்து ஒரு ஆல்பம் பாடிவிட்டுப் போனார். பில் வார்ட் போனார், வந்தார், போனார். கீஸரும் அப்படியே. 1986இல் தன் பெயரில் தனியாகச் செய்யலாம் என்று அயோமி போட்ட ஆல்பத்திலும் பிளாக் சப்பாத் பெயரையும் சேர்த்துத்தான் போடுவோம் என்று கம்பனி பிடிவாதம் பிடித்தது. அப்புறம் டோனி மார்ட்டின் என்கிற பாடகரோடு வருடக்கணக்காக, பெரிய கூட்டம் இல்லாத காலத்திலும், ஆல்பம் ஆல்பமாகச் செய்துகொண்டே இருந்தார். அந்த பேண்டில் தொடக்கம் முதல் கடைசி வரை இருந்த ஒரே ஆள் அயோமி. ரசிகர்கள் அந்த எண்பதுகளை நக்கல் அடிப்பார்கள். குழு நடத்தினவர்கள் அடிக்க மாட்டார்கள். எங்கள் குழுவில் பாடகர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார், அடுத்தவர் கட்டார், கீபோர்ட்காரர் வேறு குழுவுக்கு. முன்பணம் வாங்கின கல்யாணத்துக்கு யாரையாவது தேடிப்பிடித்து, இரவோடு இரவாகப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து மேடை ஏற்றுவது யார் வேலை? போகாமல் இருக்கிற ஆளின் வேலை.

1997இல் பழைய நான்கு பேரும் பேர்மிங்ஹாமில் சேர்ந்தார்கள். 2006இல் இருந்து டியோவோடு மறுபடி, இந்தத் தடவை ஹெவன் அண்ட் ஹெல் என்ற பெயரில். 2010 மே மாதம் டியோ புற்றுநோயில் இறந்தார். 2011 நவம்பர் 11இல் ஓஸியோடு திரும்ப வருவதாக அறிவித்தார்கள், இரண்டு மாதத்தில், 2012 ஜனவரியில், அயோமிக்கே லிம்ஃபோமா, நிணநீர்ப் புற்றுநோய், என்று செய்தி வந்தது. கீமோதெரபிக்கு நடுவில் ஆல்பம் வேலை நடந்தது, அதற்காகப் பேண்டே அவர் இருக்கிற இங்கிலாந்துக்கு வந்தது. அப்புறம் உலகப் பயணத்திலும் சில வாரத்துக்கு ஒருமுறை சிகிச்சைக்கு வீட்டுக்கு வந்து போக வேண்டும் என்பதால் கச்சேரித் திகதிகளை அதற்கேற்ப வைத்தார்கள். 2013இல் வந்த அந்த ஆல்பம் அமெரிக்காவில் அவர்களின் முதல் முதலிடம். இங்கிலாந்தில் 1970க்குப் பிறகு முதல்முறை. 43 வருடம்!

கடைசிப் பயணம் 2017 பெப்ரவரி 4இல் பேர்மிங்ஹாமில் முடிந்தது. ஆனால் முடியவில்லை. 2022 ஓகஸ்டில் பேர்மிங்ஹாமில் பொதுநலவாய விளையாட்டு விழா நிறைவு நாள், அயோமியும் ஓஸியும் திடீரென்று மேடையில். இங்கே எரிபொருளுக்கு வரிசை, மின்வெட்டு, கடையில் சாமான் இல்லை, ஃபோனில் சார்ஜ் இருந்த நேரத்தில் அந்த வீடியோவைப் பார்த்தேன், கறுப்புக் கோட், சிலுவை, அதே கை. அடுத்த வருடம் அதே ஊரில் அவர்களின் இசையை வைத்து பாலே நடனம் போட்டார்கள், அதற்கும் அயோமி கிட்டாரோடு மேடை ஏறினார். 2025 ஜூலை 5, ஆஸ்டனிலேயே இருக்கிற வில்லா பார்க் மைதானத்தில், பழைய நான்கு பேரும் 20 வருடத்துக்குப் பிறகு ஒரே மேடையில். ஓஸி எழுந்து நிற்க முடியாமல் கதிரையில் இருந்து பாடினார். ஜூலை 22இல் இறந்துபோனார். அன்றைய கச்சேரியில் அயோமிக்கு 77 வயது.

எங்கள் பக்கம் இந்த இசைக்குக் கூட்டம் கிடையாது, மறைக்க ஒன்றும் இல்லை. கண்டியில் இருந்து ரொக் பேண்ட் கிளம்பியிருக்கிறது, கொழும்பில் மெட்டல் ஆட்கள் இருக்கிறார்கள், இங்கே கல்யாண வீட்டில் பைலாவும் சினிமாப் பாட்டும்தான் சோறு போடும். இருந்தாலும் இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒயர் சரிசெய்கிற சாக்கில் ஒரு மெதுவான ரிஃப்பை, திரும்பத் திரும்ப வருகிற கிட்டார் துண்டை, நான் நுழைத்துவிடுவேன். ஒரு தடவை பொண்ணு வீட்டுப் பெரியவர் ஒருவர் மேடைப் பக்கம் வந்து, "தம்பி, கரண்ட் கொறஞ்சிருச்சா, பாட்டு இழுக்குதே" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போனார். இல்லை ஐயா, பாட்டே அப்படித்தான் என்றேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை.

இப்போது லயத்துப் பையன்கள் சிலருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மலிவான பெட்டிக் கிட்டார்தான் வாங்க முடிகிறது, அதில் கம்பி பலகையில் இருந்து எட்டி நிற்கும், சின்னப் பிள்ளைகளுக்கு அமுக்கவே முடியாது, இரண்டு வாரத்தில் விரலைக் காட்டி விட்டுவிடுகிறார்கள். அதனால் தொடக்கத்தில் எல்லாக் கம்பியையும் மூன்று ஃப்ரெட் இறக்கிக் கொடுத்துவிடுகிறேன். இறக்கும்போது ஆறையும் ஒரே அளவு இறக்குங்கள், இல்லாவிட்டால் பழகின கோர்ட் எதுவும் ஒத்துவராது. கரகரக்கும், பரவாயில்லை. கை பழகினதும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏற்றிக்கொள்ளலாம். எலெக்ட்ரிக் வைத்திருக்கிற ஒரு பையன் மட்டும் ஏற்ற மாட்டேன் என்கிறான், C ஷார்ப்பிலேயே இருக்கப் போகிறானாம். அவன் அயோமி மாதிரி மென்மையாகத் தொடுகிற ஆள் இல்லை, அடி ஒவ்வொன்றும் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி வீச்சு, ஆகவே அவனுக்குக் கொஞ்சம் தடிப்பான கம்பி வேண்டும். ஹட்டனில் கேட்ட இடத்தில் எல்லாம் மெல்லியதுதான் வைத்திருக்கிறார்கள். தலவாக்கலை, நுவரெலியா பக்கம் எந்தக் கடையிலாவது தடிப்பான எலெக்ட்ரிக் கம்பி செட் பார்த்திருந்தால் சொல்லுங்கள், கண்டிக்குப் போய் வருகிற பஸ் காசில் இன்னொரு செட்டே வாங்கிவிடலாம்.